குளிர்மலைக் குழந்தைகளுக்கு உள்ளாடை வடிவமைத்த அனுபவம்

திருப்பூரில் ஆடைக்கான பேட்டர்ன், அதாவது துணியை வெட்டும் வடிவம், வரையும் தொழிலில் நான் இருந்த காலத்தின் பெரும்பகுதி, ஐரோப்பிய நாடுகளுக்குப் போகும் குழந்தை ஆடைகளுக்கே செலவாகியிருக்கிறது. அளவுப் பட்டியல், துணியின் ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற எடை), தையல் வகை, பட்டன் தாங்க வேண்டிய இழுவிசை என எல்லாவற்றையும் ஆடைகளை வாங்கும் பையர்களே எழுதி அனுப்பிவிடுவார்கள் என்பதால், ஒரு சட்டை ஏன் அப்படி இருக்கிறது என்று யோசிக்கும் தேவை எங்களுக்கு அநேகமாக எழுவதில்லை. நீலகிரியின் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் பிறக்கும் குழந்தைகளுக்காக, முதல் ஆறு மாதங்களுக்குப் பொருந்தும் உள்ளாடைத் தொகுப்பு ஒன்றை வடிவமைத்துத் தர முடியுமா என்று ஒரு தொண்டு அமைப்பினர் கேட்டபோதுதான், எதையும் எழுதிக் கொடுக்க யாருமில்லாத வேலை ஒன்று என் மேசைக்கு வந்தது. மென்மையாக இருக்க வேண்டும், கதகதப்பாக இருக்க வேண்டும், தாய்மார்கள் அதை உண்மையிலேயே பயன்படுத்த வேண்டும் என்ற மூன்றை மட்டுமே அவர்கள் சொன்னார்கள். மூன்றாவதுதான் கடினமானது என்பது மலைக்குப் போன பிறகு புரிந்தது.

திருப்பூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகமண்டலம் ஏறக்குறைய 2,240 மீட்டர். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே பல விடியற்காலைகளில் புல்லின் மேல் உறைபனி படிந்திருக்கும். எங்கள் ஊரில் கதகதப்பான குழந்தை ஆடை என்று கேட்டால், உட்புறம் ரைசிங் செய்து பஞ்சுபோல் ஆக்கிய தடித்த ஃபிளீஸ் துணியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். கையால் தொட்டுப் பார்க்கும் பெரியவருக்கு அது சூடாகத் தோன்றும். ஆனால் அணியப்போகும் உடல் பெரியவருடையதன்று என்பதால், முதலில் அந்த உடலைப் பற்றித் தெரிந்துகொள்ள நேர்ந்தது.

பச்சிளம் குழந்தையின் எடையோடு ஒப்பிட்டால் அதன் தோலின் பரப்பு பெரியவருக்கு இருப்பதைப் போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு. ஆகவே வெப்பம் வெளியேறும் வழியும் அந்த அளவுக்கு அதிகம். தலை மட்டுமே உடல் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. நமக்குக் குளிரெடுத்தால் உடல் நடுங்கிச் சூட்டை உண்டாக்கிக்கொள்ளும். பிறந்த குழந்தையால் அப்படி நடுங்க முடியாது. தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவிலும் சிறுநீரகங்களைச் சுற்றிலும் சேமித்து வைத்திருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் அது சூட்டைப் பெறுகிறது, அந்தச் சேமிப்பு குறைமாதக் குழந்தைகளிடம் மிகக் குறைவு. உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது இயல்பு என்றும், 36.5க்குக் கீழே இறங்கினாலே குழந்தை குளிரின் அழுத்தத்தில் இருக்கிறது என்றும் உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. கிராமச் செவிலியர் ஒருவர் இதற்கு வெப்பமானி இல்லாத சோதனை ஒன்றைக் காட்டினார். புறங்கையைக் குழந்தையின் வயிற்றிலும் பாதத்திலும் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் குழந்தை நலமாக இருக்கிறது. வயிறு சூடாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் குளிர் தாக்கத் தொடங்கிவிட்டது. இரண்டுமே சில்லிட்டிருந்தால் அது ஆபத்து. எங்கள் மாதிரிகளை எல்லாம் பிறகு இந்தப் புறங்கைச் சோதனையைக் கொண்டே மதிப்பிட்டோம்.

குழந்தை வைத்திருக்கும் வீடுகளில் நான் அமர்ந்திருந்த நேரம்தான் இந்த வேலையில் எனக்குப் பெரிய பாடம். தேயிலை பறிக்கப் போகும் தாய்க்குப் பதிலாகப் பெரும்பாலும் பாட்டியே குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார். தோட்டத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய அந்த லயன் வீடுகளில் பல, 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையின் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களுடையவை. குளிர்நாட்டில் பிள்ளை வளர்த்த அனுபவம் அந்தப் பாட்டிகளிடம் இரண்டு தலைமுறைக்கு மேல் சேர்ந்திருக்கிறது. தானமாக வந்த புதிய குழந்தைச் சட்டைகள் மடிப்புக் கலையாமல் தகரப் பெட்டியில் கிடப்பதைப் பார்த்துக் காரணம் கேட்டேன். "தலை வழியா மாட்டுற சட்டைம்மா அது. கழுத்து நிக்காத பிள்ளைக்கு யாரு அதைப் போட்டுக் கழட்டிக்கிட்டு இருப்பா?" என்றார் ஒரு பாட்டி.

பிறகு அவர் ஈரத்துணி மாற்றுவதைக் கவனித்தேன். போர்வையை விலக்கி, ஸ்வெட்டரை மேலே தூக்கி, உள்சட்டையையும் மார்புவரை சுருட்டி, கால்சட்டையை முழுவதும் உருவி, நனைந்த துணியை அவிழ்த்து, துடைத்து, புதுத்துணியைக் கட்டி முடிக்கும்வரை குழந்தையின் வயிறும் இடுப்பும் தொடையும் குளிர்காற்றில் திறந்தே கிடந்தன. ஈரத்தோலில் இருந்த நீர் ஆவியாகும்போது இன்னும் கொஞ்சம் வெப்பத்தை எடுத்துக்கொண்டது. பச்சிளம் குழந்தை ஒரு நாளில் எத்தனை முறை நனைக்கும் என்பது பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். உடுத்தியிருக்கும்போது எவ்வளவு சூடாக வைத்தாலும், மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்தச் சூட்டைத் தொலைத்துவிடுகிறோம். ஆகவே துணி எவ்வளவு தடிமன் என்ற கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு, குழந்தையின் வயிற்றைத் திறக்காமலேயே நனைந்த பகுதியை மட்டும் மாற்ற முடியுமா என்ற கேள்வியிலிருந்து வடிவமைப்பைத் தொடங்கினேன்.

பையர்களிடம் பழகிய பேட்டர்ன்காரருக்கு இதற்கு உடனே தோன்றும் விடை, தொடைகளுக்கு நடுவே பட்டன் போட்டு மூடும் பாடிசூட். மேலை நாடுகளில் அது நன்றாகவே பயன்படுகிறது. சட்டை மேலே ஏறாது, வயிறு திறக்காது. ஆனால் அங்கே அதன் உள்ளே இருப்பது ஈரத்தை வெளியே விடாத டயபர். இங்கே இருப்பது பழைய வேட்டியையோ சேலையையோ கிழித்து மடித்த துணி. அது நனைந்தவுடன் பாடிசூட்டின் அடிப்பகுதி நனைகிறது, பருத்திப் பின்னலாடை ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றும் தன்மை உடையது என்பதால் சிறிது நேரத்தில் முதுகுவரை ஈரம் பரவுகிறது. காற்றைவிட நீர் இருபது மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்துவதால், நனைந்த உள்ளாடை அணிந்திருப்பதைவிட அதை அணியாமலே இருப்பது மேல். துணி கட்டும் வீட்டுக்குப் பாடிசூட் ஒத்துவராது என்பது என் திடமான கருத்து. குறைந்தபட்சம் குளிர்ப்பகுதிகளில் ஒத்துவராது.

நாங்கள் கடைசியில் வந்து சேர்ந்த வடிவம் இரண்டு உருப்படிகளைக் கொண்டது. முதலாவது, முன்புறம் ஒன்றன்மேல் ஒன்று படிந்து பக்கவாட்டில் மூடும் முழுக்கைச் சட்டை. நம் ஊர்க் கடைகளில் ஜபலா என்று விற்பதன் நீண்ட கை உடைய உறவு என்று சொல்லலாம். மார்புக்கு மேல் துணி இரண்டடுக்காக விழுவதால் வெப்பம் தேவைப்படும் இடத்தில் கூடுதல் செலவில்லாமலே இரட்டைத் தடிமன் கிடைக்கிறது. குழந்தையை விரித்த சட்டையின் மேல் படுக்க வைத்துக் கைகளை நுழைத்து மூடினால் போதும். கழுத்து நிற்காத தலையைத் தூக்கவோ முகத்தை மூடவோ வேண்டியதில்லை. எடை குறைந்து பிறந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு தோலுக்குத் தோல் படும்படி அணைத்து வைக்கும் கங்காரு முறைக்கும் இது பொருந்துகிறது. 1970களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் டாக்டர் எட்கர் ரே தொடங்கிய அந்த முறையில், குழந்தையின் மார்பு திறந்தும் முதுகு மூடியும் இருக்க வேண்டும். முன்புறம் திறக்கும் சட்டையால்தான் அது முடியும்.

சட்டையின் நீளத்தில்தான் நெடுநேரம் விவாதித்தோம். நீளமாக இருந்தால் கதகதப்பு என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் நீளமான பின்புறம் ஈரத்துணியைத் தொட்டு நனைகிறது, ஆண்குழந்தை என்றால் முன்புறமும் நனைகிறது. எனவே சட்டையைத் தொப்புளுக்குச் சற்றுக் கீழேயே நிறுத்திவிட்டு, வயிற்றை மூடும் பொறுப்பை இரண்டாவது உருப்படியான கால்சட்டையின் இடுப்புப் பட்டையிடம் ஒப்படைத்தோம். அது எலாஸ்டிக் இல்லாத, இரண்டுக்கு இரண்டு ரிப் என்னும், வரிவரியாக இழுபடும் பின்னல் துணியில் அகலமாகத் தைத்து, பாதியாக மடித்துவிடக்கூடிய பட்டை. தொப்புள்கொடி உதிரும்வரை, அதாவது பொதுவாக முதல் ஓரிரு வாரங்கள், பட்டையை வெளிப்புறமாகக் கீழே மடித்துவிட்டால் கொடியின் மேல் பட்டை உரசாது. உதிர்ந்து புண் ஆறிய பிறகு மடிப்பைப் பிரித்து மேலே இழுத்துவிட்டால் அதே பட்டை விலா எலும்பு வரை வந்து சட்டையின் அடிப்பகுதியை இறுக்காமல் பிடித்துக்கொள்கிறது. கால்சட்டையின் தொடை இடைவெளியில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை திறப்பு வைத்தோம். துணி மாற்ற அதை மட்டும் திறந்தால் போதும், பட்டையும் சட்டையும் அசையாமல் வயிற்றை மூடியபடி இருக்கும்.

எலாஸ்டிக்கைத் தவிர்த்ததற்கு அரைஞாண் கயிறும் ஒரு காரணம். நம் குழந்தைகளில் பலருக்கும் இடுப்பில் அது இருக்கிறது என்பதை எந்த ஐரோப்பிய அளவுப் பட்டியலும் கணக்கில் எடுப்பதில்லை. குறுகிய எலாஸ்டிக் பட்டை அந்தக் கயிற்றின் மேல் நேராக அமர்ந்தால், கயிறு தோலில் அழுந்திச் சிவந்த தடத்தை உண்டாக்குகிறது. கயிறு ஈரமாக இருந்தால் அந்த இடம் புண்ணாகிறது. அகலமான ரிப் அந்த அழுத்தத்தைப் பரவலாக்கிவிடுகிறது. கயிற்றை எடுத்துவிடுங்கள் என்று சொல்வதைவிடக் கயிற்றுக்கு இடமளித்து வெட்டுவது எங்களுக்கு எளிதாக இருந்தது.

மூடுவதற்கு எதைப் பயன்படுத்துவது என்பதில் சரியான ஒரே விடை இல்லை. நம் பழைய ஜபலாக்களில் கழுத்தருகே கட்டும் நாடா இருக்கும். சிறு குழந்தைகளின் ஆடையில் கழுத்துப் பகுதியில் கயிறோ நாடாவோ இருக்கக் கூடாது என்று ஐரோப்பியத் தரவிதியான ஈ.என். 14682 தடுக்கிறது, கழுத்து இறுகிய விபத்துகளே அதற்குக் காரணம். பக்கவாட்டில், விலாப் பக்கம், ஒரு விரல் முடிச்சுக்குப் போதுமான குட்டையான நாடாவை மட்டும் வைத்தோம். கால்சட்டைத் திறப்புக்கு அழுத்தி மூடும் டிச் பட்டன் தவிர வேறு வழியில்லை. உலோகப் பட்டன் குளிர்காலத்தில் தோலில் பட்டால் சில்லென்று சுடும், நிக்கல் கலந்திருந்தால் ஒவ்வாமையும் தரும் என்பதால் பிளாஸ்டிக் பட்டனைத் தேர்ந்து, அதன் உட்புறம் துணி மூடியிருக்கும்படி அமைத்தோம். ஒற்றை அடுக்குப் பின்னலாடையில் பட்டனை அடித்தால் சில துவைப்புகளில் துணி கிழிந்து பட்டன் கையோடு வந்துவிடும், பிறகு அது குழந்தையின் வாய்க்குள்தான் போகும். ஆகவே பட்டன் வரும் பட்டையில் இரண்டு அடுக்கு இன்டர்லாக் பின்னல் துணியும் நடுவில் நீளாத துணித்துண்டும் கட்டாயம். ஏற்றுமதி ஆடைகளில் பட்டனை 70 அல்லது 90 நியூட்டன் விசையில் இழுத்துப் பார்ப்பது வழக்கம். எங்கள் தொகுப்பையும் அதே கருவியில் இழுத்துத்தான் அனுப்பினோம். வெல்க்ரோவைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அது பஞ்சைச் சேர்த்துக்கொள்ளும், மெல்லிய தோலைக் கீறும்; உள்ளாடையில் அதற்கு இடமில்லை.

இனி துணி. ஆடை சூடு தருவதில்லை. உடலின் சூட்டை வெளியே போகவிடாமல் தடுக்கிறது, அந்தத் தடுப்பையும் பெரும்பாலும் இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றுதான் செய்கிறது. 1930களில் நார்வே ராணுவ அதிகாரி ஹென்ரிக் ப்ரூன் மீன்வலையைக் கொண்டு பனியன் செய்து பார்த்ததும், அந்த வலைப் பனியன்கள் 1953ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணத்தில் பயன்பட்டதும் இந்தத் தத்துவத்தால்தான். கண்ணிகளில் தங்கும் காற்றை மேலாடை அடைத்து வைத்துக்கொள்கிறது. குழந்தையின் விரல் சிக்கும் என்பதால் வலை நமக்கு ஆகாது. ஆனால் காற்றைப் பிடித்து வைக்கும் பின்னல் வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வந்தது.

சாதாரண பனியன்களில் இருக்கும் சிங்கிள் ஜெர்சி பின்னல் மெல்லியது, மலிவானது. வெட்டிய ஓரம் சுருண்டுகொள்வதும், துவைத்தபின் பக்கத்தையல் முறுக்கிக்கொண்டு முன்புறம் வருவதும் அதன் குறைகள். இன்டர்லாக் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழுவழுப்பாக இருக்கிறது, சுருளுவதில்லை, நடுவில் சிறிது காற்றையும் வைத்துக்கொள்கிறது. 40ஆம் நம்பர் கோம்டு நூலில் 180 முதல் 200 ஜி.எஸ்.எம். வரை பின்னிய இன்டர்லாக்கைத் தோலைத் தொடும் அடுக்குக்கு எடுத்துக்கொண்டோம். கார்டு நூலில் இருக்கும் குட்டை இழைகள் கோம்டு நூலில் வாரி நீக்கப்பட்டுவிடுவதால் பிசிறும் உரசலும் குறைகின்றன. குழந்தை உள்ளாடையில் நூலுக்குத்தான் பணம் செலவழிக்க வேண்டும், அச்சுப் படத்துக்கும் அலங்காரத்துக்கும் வேண்டியதில்லை.

ரைசிங் செய்த ஃபிளீஸை நான் முழுமையாக ஒதுக்கியதற்கு மூன்று காரணங்கள் இருந்தன, மூன்றும் அந்த வீடுகளில் கண்டவை. பஞ்சு எழுப்பும்போது முள்கம்பி உருளைகள் நூலின் இழைகளைக் கிழித்து எழுப்புகின்றன. அந்த இழைகள் உதிர்ந்து குழந்தையின் கழுத்து மடிப்பிலும் மூடிய கைக்குள்ளும் சேர்கின்றன, கை நேராக வாய்க்குப் போகிறது. அடுத்து, சில துவைப்புகளுக்குப் பிறகு பஞ்சு அமுங்கிக் கட்டியாகிவிடுவதால் கடையில் தொட்டபோது இருந்த சூடு வீட்டில் இருப்பதில்லை. இவை இரண்டையும்விடப் பெரியது, அது காய்வதில்லை. தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் மலையில் நாள்கணக்கில் வெயிலைப் பார்க்க முடியாது. தடித்த துணியைத் துவைத்தால் அடுப்புக்கு மேல் கட்டிய கயிற்றில்தான் உலர்த்த வேண்டியிருக்கிறது. புகையின் கரி துணியில் ஏறி, பிறகு தோலில் படுகிறது. முழுதாகக் காயாத துணியை மாட்டிவிடும் அவசரமும் வருகிறது. ஒரே தடித்த சட்டைக்குப் பதிலாக இரண்டு மெல்லிய சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவித்தால், நடுவில் ஒரு காற்றடுக்கும் கூடுதலாகக் கிடைக்கிறது, இரண்டும் வீட்டுக்குள்ளேயே ஓர் இரவில் உலர்ந்துவிடுகின்றன. இந்தக் கணக்கின்படிதான் தொகுப்பில் உருப்படிகளின் எண்ணிக்கையைக் கூட்டி, ஒவ்வொன்றின் தடிமனைக் குறைத்தோம். இரண்டாவது அடுக்குச் சட்டையைத் தேன்கூடுபோல் குழிகள் விழும் வாஃபிள் பின்னலில் செய்தோம். எடை அதிகம் கூடாமல் காற்றைப் பிடித்து வைப்பதில் நாங்கள் பார்த்தவற்றில் அதுவே சிறந்தது.

கம்பளி இழை காற்றிலிருந்து தன் எடையில் ஏறக்குறைய 16 விழுக்காடு ஈரத்தை வாங்கிக்கொண்ட பிறகும் ஈரமாகத் தோன்றாது, பருத்தி 8.5 விழுக்காடு, பாலியஸ்டர் 0.4 விழுக்காடு மட்டுமே. அந்த வகையில் கம்பளிதான் உயர்ந்தது என்பதை மறுக்க முடியாது. உதகைக்கு அருகே சாண்டிநல்லாவில் செம்மறிகளுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. ஆனால் தோலில் குத்தாத கம்பளி வேண்டுமென்றால் இழை 18.5 மைக்ரானுக்கும் மெல்லிய மெரினோவாக இருக்க வேண்டும், அதன் விலை வேறு உலகத்துடையது. மேலும் குழந்தைத் துணியை வெந்நீரில் அலசும் பழக்கம் உள்ள வீட்டில் கம்பளி ஒரே துவைப்பில் சுருங்கிக் கெட்டியாகிவிடும். மூங்கில் துணி என்று விற்கப்படுவதை வாங்கச் சொல்லியும் சிலர் யோசனை தந்தார்கள். அது மூங்கில் கூழிலிருந்து எடுத்த விஸ்கோஸ். தொடுவதற்கு மிக மென்மை, ஆனால் நனைந்தால் வலுவிழந்து கனத்துத் தொங்கும், காய நேரமாகும். வெயில் ஊரில் அது நல்ல துணியாக இருக்கலாம்.

உள்ளாடையின் வேலைகளில் ஒன்று, அதற்கு மேல் வரும் ஆடையிலிருந்து தோலைக் காப்பது என்பது எந்தத் தரப் பட்டியலிலும் நான் கண்டதில்லை. மலையில் குழந்தைக்கு மேலே போடுவது பெரும்பாலும் அக்ரிலிக் ஸ்வெட்டர். அதைக் கம்பளி என்றே சொல்கிறார்கள். அதன் கழுத்து விளிம்பும் மணிக்கட்டு விளிம்பும் உரசும் இடங்களில்தான் குழந்தைகளுக்குச் சிவந்த தடிப்புகள் இருந்தன. எனவே உள்சட்டையின் கழுத்தை வழக்கத்தைவிட மேலே ஏற்றி, ஸ்வெட்டருக்கு வெளியே ஒரு விரலளவு தெரியும்படி வெட்டினோம். கையையும் நீளமாக்கி, நுனியில் மடித்தால் விரல்களை மூடும் உறைபோல் அமைத்தோம். தனியாகக் கையுறை தைக்கவில்லை. தைக்கும் கையுறைகளின் உள்ளே தொங்கும் நூல் குழந்தையின் விரலைச் சுற்றி இறுகி, இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடக்கூடும் என்பது மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்த ஆபத்து. கால்விரல்களில் இது இன்னும் அதிகம் நடக்கிறது. பேச்சு வராத குழந்தை அழுவதற்கு ஆயிரம் காரணங்கள் இருக்கும்போது, காலுறைக்குள் ஒரு நூல் இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது.

இதனாலேயே தையலை எல்லாம் வெளிப்புறத்தில் கொண்டுவந்தோம். துணி ஓரத்தைச் சுற்றும் ஓவர்லாக் தையலை வெளியே வைத்துத் தைத்து அதன் மேல் பேட்லாக் என்னும் தட்டைத் தையலைப் போட்டுப் படியச் செய்தால், தோலைத் தொடும் பக்கம் தடையில்லாமல் வழுவழுப்பாக இருக்கும். "பையர் பார்த்தா உள்பக்கம் வெளிய தெரியுதுன்னு பீஸைத் திருப்பி அனுப்பிருவானுங்க அக்கா" என்று எங்கள் கட்டிங் மாஸ்டர் சிரித்தார். தையல் இயந்திரத்தின் அடிப்பக்க நூலைப் பின்னும் லூப்பரில் சாதாரண பாலியஸ்டர் நூலுக்குப் பதிலாக உப்பலான டெக்ஸ்சர்டு நூலைப் போட்டது சிறிய மாற்றம், ஆனால் விரலால் தடவினால் வேறுபாடு உடனே தெரியும். தோளின் மேல் தையல் வராதிருக்க, கழுத்திலிருந்து அக்குள்வரை சாய்வாகத் தைக்கும் ராக்லான் கை. முதுகில் தையலே இல்லை. தூளியில் படுக்கும் குழந்தையின் முழு எடையும் முதுகில் அழுந்துவதால் அங்கே ஒரு தையல் வரி இருந்தாலும் தடம் பதியும். தூளியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். உடல் எடையில் அமுங்கிய துணி காற்றை இழந்து, சூடு காக்கும் திறனையும் இழந்துவிடுகிறது. தூளிக்கு அடியில் வேறு குளிர்காற்று ஓடுகிறது. முதுகுப்புறச் சூட்டை எந்த உள்ளாடையாலும் காக்க முடியாது. தூளிக்குள் விரிக்கும் தடித்த விரிப்புதான் அதைச் செய்ய வேண்டும். லேபிளுக்குப் பதில் அளவை மட்டும் துணியிலேயே வெளிப்புறம் அச்சிட்டோம்.

சாயத்தில் எனக்கு அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. துணியில் தீங்கான வேதிப்பொருள்கள் உண்டா என்று சோதிக்கும் ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 தரத்தில் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் ஆடை முதல் வகுப்பில் வருகிறது. ஃபார்மால்டிஹைடு கண்டறிய முடியாத அளவில் இருக்க வேண்டும், துணியின் அமில-கார அளவான பி.எச். 4.0 முதல் 7.5க்குள் இருக்க வேண்டும், எச்சிலில் நனைந்தாலும் சாயம் இறங்கக் கூடாது என்பவை அதன் முக்கிய நிபந்தனைகள். சாயமேற்றும்போது காரத்தில் ஊறிய துணியைக் கடைசியில் அசிட்டிக் அமிலம் விட்டு நடுநிலையாக்குவார்கள். அவசரத்தில் அந்த அலசல் குறைந்தால் துணி பார்வைக்கு நன்றாக இருந்தும் தோலை எரிக்கும். சாயப்பட்டறையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி நிறத்தைப் பற்றியதன்று, கடைசி அலசலைப் பற்றியது. வெளிர்நிறங்களையே தேர்ந்ததற்குச் சாயம் குறைவு என்பதோடு வேறொரு பயனும் உண்டு. தொப்புளிலிருந்து கசியும் சீழோ இரத்தமோ, மலத்தின் நிறமாற்றமோ வெளிர்துணியில் உடனே கண்ணில் படும்.

அளவில் ஐரோப்பியப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ள முடியவில்லை. 50, 56, 62 என்று உடலின் நீளத்தை வைத்து அங்கே அளவு சொல்கிறார்கள். நம் குழந்தைகளில் கணிசமானோர் 2.5 கிலோவுக்கும் 3 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையில் பிறக்கிறார்கள். நீளம் ஒத்துப்போனாலும் கைகால் மெலிந்திருக்கும். தொடையையும் மணிக்கட்டையும் சுற்றி இடைவெளி விழுந்தால், உள்ளே சேர்ந்த சூடான காற்று குழந்தை கால் உதைக்கும்போதெல்லாம் வெளியே தள்ளப்படுகிறது. ஓரங்களை ரிப் பட்டையால் ஒடுக்கினோம், ஆனால் மார்பில் தளர்வு விட்டோம். மூச்சு விடும்போது பச்சிளம் குழந்தையின் வயிறுதான் ஏறி இறங்கும் என்பதால் இடுப்புப் பட்டை இரண்டு விரல் தாராளமாக நுழையும்படி இருக்க வேண்டும். பின்னலாடை துவைத்தால் நீளவாக்கில் சுருங்கும். முன்கூட்டியே சுருக்கும் காம்பாக்டிங் செய்த துணியையும் வெட்டுவதற்கு முன் ஒரு நாள் விரித்து ஆறவிட்டு, ஒரு துண்டைத் துவைத்துக் காயவைத்து அளந்த பிறகே பேட்டர்னை முடிவு செய்தோம்.

கதகதப்பு மிகையாவதும் தீங்குதான் என்பதை வீடுகளில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. குழந்தையின் கை இயல்பாகவே சற்றுக் குளிர்ச்சியாக இருக்கும். அதைத் தொட்டுவிட்டு மேலும் மேலும் ஆடையை அடுக்குவதால், உறைபனி பெய்யும் ஊரில் வேர்க்குருவோடு இருக்கும் குழந்தைகளைப் பார்த்தேன். வியர்த்த உள்ளாடை நனைந்த உள்ளாடைதான். சூடு தணிந்ததும் அது குளிரைத் தரும். பெரியவர் அணிந்திருப்பதைவிட ஓரடுக்கு, மிகக் குளிரென்றால் ஈரடுக்கு கூடுதல் என்பது நல்ல அளவு. தூங்கும் குழந்தை மிகையாகச் சூடேறுவதைத் திடீர்ச் சிசு மரணத்தின் அபாயக் காரணிகளில் ஒன்றாக மருத்துவர்கள் கருதுகிறார்கள். பிறந்த முதல் நாட்களிலும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் தொப்பி அவசியம். வளர்ந்த குழந்தை வீட்டுக்குள் தூங்கும்போது அதைக் கழற்றிவிட வேண்டும், ஏனெனில் மிஞ்சிய வெப்பம் வெளியேறத் தலைதான் பெரிய வாசல். தொகுப்பில் வைத்த தொப்பிக்கு அதனால் நாடாவே வைக்கவில்லை.

தொகுப்போடு ஒரு துண்டுச்சீட்டையும் சேர்த்தோம். புதிய துணியை முதலில் வெறும் நீரில் இரண்டு முறை அலசி அணிவிக்கும்படியும், சோப்பு எச்சம் தங்காதபடி அலசும்படியும், மென்மையூட்டும் திரவம் பருத்தி ஈரத்தை உறிஞ்சுவதைக் குறைத்துவிடும் என்பதால் அதைத் தவிர்க்கும்படியும் அதில் எழுதினோம். பிறந்த குழந்தைக்கு முதலில் பழைய துணியைத்தான் போடுவோம் என்று பாட்டிகள் பிடிவாதம் பிடிப்பதில் பொருள் இருக்கிறது. பலமுறை துவைத்த துணியில் கஞ்சியும் இல்லை, வேதிப்பொருளும் இல்லை. எங்கள் தொகுப்பைப் பிரசவத்துக்கு முன்பே கொடுத்துவிட்டால், அவர்களே நாலைந்து முறை துவைத்து வைத்துக்கொள்ள நேரம் கிடைக்கும் என்று ஏற்பாட்டை மாற்றினோம்.

சீட்டின் கடைசி வரியைக் கொட்டை எழுத்தில் அச்சிட்டோம்: குழந்தைத் துணி வைக்கும் பெட்டியில் அந்துருண்டை போடாதீர்கள். மூத்த குழந்தையின் ஸ்வெட்டரையும் உள்ளாடையையும் அடுத்த குழந்தைக்காக அந்துருண்டையோடு கட்டி வைப்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். அந்த உருண்டையில் நாஃப்தலீன் இருந்தால், ஜி6பிடி என்னும் நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடும் மஞ்சள்காமாலை வரக்கூடும். அந்தக் குறைபாடு இருப்பது பெரும்பாலும் பெற்றோருக்கு முன்கூட்டித் தெரிந்திருக்காது. ஏற்கெனவே அப்படி வைத்த துணிகள் இருந்தால் வாசனை முழுதும் போகும்வரை துவைத்து, வெயிலிலும் காற்றிலும் பல நாள் உலர்த்திய பிறகே எடுக்க வேண்டும். அடுத்த பிள்ளைக்காக எடுத்து வைக்கும் உள்ளாடைகளுக்கு நன்றாகக் காய்ந்த வேப்பிலையும் இறுக மூடும் பெட்டியும் போதுமானவை.